பைன் மரப் பராமரிப்புக் குழு: பல வருட அனுபவம்

"உங்கள் மரங்களைப் பார்த்துக்கொள்ளும் குழுவையே நானும் கூப்பிடட்டுமா?" என்று நண்பர் கேட்டார். போனில் பேசினால் கோபம்தான் முதலில் வரும். அதனால் எழுதிவிடுகிறேன்.

பட்டை வண்டைக் கண்டுபிடிப்பதில் அவர்கள் கெட்டிக்காரர்கள். உச்சி பழுப்பாகிப்போன மரத்துக்கு மருந்து அடித்துவிட்டுக் காசு வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. பட்டையைப் பெயர்த்துக் காட்டினார்கள். உள்ளே வண்டு குடைந்த பாதைகள், கட்டையில் நீலக் கறை. வண்டு சுமந்து வரும் பூஞ்சையின் வேலை அது. இலை நிறம் மாறிய பிறகு மரத்தைக் காப்பாற்ற முடியாது, அதற்குள் வண்டுகளும் பெரும்பாலும் அடுத்த மரத்துக்குக் கிளம்பியிருக்கும் என்றார்கள்.

மற்ற மரங்களுக்கு அவர்கள் சொன்ன முதல் வைத்தியம் தண்ணீர். வண்டு சில மில்லிமீட்டர்தான் இருக்கும். அது துளைபோட்டால் தெம்புள்ள பைன் பிசினைச் சுரந்தே வெளியே தள்ளிவிடும். வறட்சியில் வாடிய மரத்துக்கு அந்த அளவு பிசின் சுரக்காது. அடிமரத்தோடு நிறுத்தாமல், கிளைகள் விரிந்திருக்கும் எல்லைவரை நிதானமாகத் தண்ணீர் விட்டு ஆழத்தில் இறங்கச் செய்ய வேண்டும். ஈரம் காக்க மண்மேல் பரப்பும் மூடாக்கு அடிமரத்தைத் தொடக் கூடாது. அப்படியே செய்துவருகிறேன். பட்டை இடுக்கில் செம்பழுப்புத் தூளோ, துளைவாயில் பிசின் கட்டியோ இப்போது தென்படுவதில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மரம் ஏறுபவர் கிளை கழிக்கும்போது காலில் இரும்பு முள் கட்டுவதில்லை, கயிற்றில்தான் ஏறுகிறார். முள் குத்தும் ஒவ்வொரு இடமும் மரத்துக்குக் காயம் என்று தெரிந்தவர்.

சரி, இப்போது கோபத்துக்கு வருகிறேன். வெட்டிய கட்டை! ஒவ்வொரு முறையும் பட்டையோடு அப்படியே, உயிருள்ள பைன்களின் அடியிலேயே அடுக்கிவிட்டுப் போகிறார்கள். வண்டி வரும் என்பார்கள். வண்டி வருவதற்குள் வண்டு வந்துவிடும். புதிதாக வெட்டிய பைனின் பிசின் வாசனையே அதற்கு அழைப்பு. பட்டை வண்டுகளில் இப்ஸ் என்ற வகை இப்படிப்பட்ட கட்டையில்தான் பெருகி, பக்கத்தில் வாடி நிற்கும் மரத்துக்குத் தாவும். வெயில் காலத்தில் புதுத் தலைமுறை உருவாகச் சில வாரங்கள் போதும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்கள்தான்! அன்றைக்கே அப்புறப்படுத்த வேண்டும், இல்லையென்றால் பட்டையையாவது உரித்துப் போட வேண்டும். அரைத்த சில்லுகளை மரத்தடியில் பரப்புவதும் ஆகாது, அந்த வாசனையும் வண்டை இழுக்கும்.

ஆள் பற்றாக்குறை என்கிறார்கள், உண்மைதான். காற்று மழைக் காலத்தில் வீட்டின் மேல் சாய்ந்த மரத்துக்குத்தான் முதலில் ஓட வேண்டும், அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எங்கும் மரம் சாயாத மாதத்திலும் கட்டை அங்கேயேதான் கிடக்கிறது.

இவ்வளவு விஷயம் தெரிந்த இன்னொரு குழு எனக்குக் கிடைப்பது கஷ்டம். ஆனாலும் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கப்போவதில்லை. நண்பர் கூப்பிடுவதென்றால் தாராளமாகக் கூப்பிடட்டும். கட்டையை அன்றே எடுத்துப்போக வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளட்டும். கடைசிக் கட்டை வெளியேறும்வரை மீதிப் பணத்தைக் கொடுக்க வேண்டாம்.