‘கழுவத் தேவையில்லை’ கோழி பேக்: மூன்றாவது ஆர்டரில் பட்ட பாடு

வீட்டுக்கே கொண்டுவந்து தரும் இந்தப் பச்சைக் கோழி பேக்கை மூன்று முறை வாங்கியாயிற்று. முதல் இரண்டு முறை குறை சொல்ல ஒன்றுமில்லை. துண்டுகள் ஒரே அளவு, தோலில் இறகு முனைகூட ஒட்டியிருக்கவில்லை, கையில் எடுத்தால் சில்லென்று இருந்தது. மூன்றாவது முறைதான் இதை எழுத வைத்தது.

ஐஸ் பேக் முழுக்க உருகித் தொளதொளவென்று கிடந்தது. கவரின் மூலையில் இளஞ்சிவப்பாக நீர் கசிந்து, லேபிள் ஊறி, தேதியைப் படிக்கவே முடியவில்லை. நான் பையைப் பிரிப்பதற்குள் அந்த நீர் மேடையிலும் சொட்டிவிட்டது. தெர்மாமீட்டரை இரண்டு பேக்குக்கும் நடுவே செருகிப் பார்த்தால் 14 டிகிரி. 4 டிகிரியைத் தாண்டவே கூடாத பொருள் இது. எத்தனை மணி நேரமாக அப்படிக் கிடந்ததோ!

கஸ்டமர் கேரில் பேசியவர் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் சொன்னது என்ன தெரியுமா? “மோந்து பாருங்க சார், வாடை இல்லன்னா தாராளமா சமைக்கலாம்.” இங்கேதான் கடுப்பானேன். வாடை கிளப்புவது இறைச்சியைக் கெடுக்கும் பாக்டீரியா, ஆளைப் படுக்க வைக்கும் சால்மொனெல்லா வேறு, அது வாடையும் காட்டாமல் நிறமும் மாற்றாமல் பெருகும். கோழி விற்கிறவர்களுக்கே இது தெரியாவிட்டால் எப்படி? நன்றாக வேகவைத்தால் போதுமே என்பார்கள், அதுவும் பாதிதான் சரி. வெளியே நெடுநேரம் கிடந்த இறைச்சியில் ஸ்டஃபிலோகாக்கஸ் என்ற பாக்டீரியா நஞ்சைக் கக்கியிருந்தால், கிருமி செத்தாலும் அந்த நஞ்சு சூட்டுக்கு அசையாது.

அப்புறம் கவரில் கொட்டை எழுத்தில் ‘சுத்தம் செய்யப்பட்டது, கழுவத் தேவையில்லை’. கழுவக் கூடாது என்பது சரி. ஆனால் படிக்கிறவர் கிருமியே இல்லை என்றல்லவா நினைத்துக்கொள்வார்? இறகு பறிக்கும்போதும் குடல் எடுக்கும்போதும் உள்ளே இருக்கும் சால்மொனெல்லாவும், வயிற்றைக் கெடுக்கும் இன்னொரு பாக்டீரியாவான கேம்பைலோபேக்டரும் தோலில் ஒட்டிக்கொள்ளும், ஒரே தொட்டியில் பல கோழிகள் முங்கி எழும்போது ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கும் போகும். நல்ல ஆலையில் குறையும், அடியோடு போகாது. குழாயில் கழுவினால் அந்தத் தண்ணீர் சிங்க், பக்கத்துத் தட்டு, நறுக்கி வைத்த காய் என்று எல்லாவற்றிலும் தெறிக்கும், அதனால்தான் கழுவ வேண்டாம் என்பது. (நானும் வருஷக்கணக்கில் கழுவியவன்தான்.) கிருமியைக் கொல்ல நமக்கிருக்கும் வழி சூடு, தொடைத் துண்டின் நடுவிலும் 74 டிகிரி வர வேண்டும். ஃப்ரீசரில் வைத்தால் தூங்கும், சாகாது. இதையெல்லாம் ஒரு வரி போட லேபிளில் இடமில்லை, சேவல் படத்துக்கு மட்டும் பாதி கவர்.

மூன்றாவது ஆர்டரில் வந்ததை அப்படியே குப்பையில் போட்டுவிட்டு, மேடையைச் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பணம் நான்கு நாளில் திரும்பி வந்தது, அதற்காக ஒரு ஸ்டார் கூட்டி மொத்தம் இரண்டு. ஆலையில் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள், வழியில் கோட்டை விடுகிறார்கள். வாங்குவதாக இருந்தால் டெலிவரி செய்பவர் கிளம்புவதற்கு முன் ஐஸ் பேக்கை அழுத்திப் பாருங்கள், கல் மாதிரி இல்லையென்றால் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.