படம் பார்த்து வாங்கிய போர்ப் புத்தகம்

மலேசியாவில் சிலிம் ரிவர் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் எனக்குப் பிட்டர் வேலை. வீட்டுக்கு வந்தால் பிளாஸ்டிக் டாங்கி மாடல் ஒட்டுவேன். ஐம்பது வயதில் என்ன விளையாட்டு என்று வீட்டில் கேட்பார்கள், அது கிடக்கட்டும். அந்தப் பைத்தியத்தில்தான் போன மாதம் ஈப்போவில் ஒரு பழைய புத்தகக் கடையில் 60 வெள்ளி (ரிங்கிட்) கொடுத்து இந்தத் தடிப் புத்தகத்தைத் தூக்கி வந்தேன். 1941 டிசம்பர் 8 அன்று ஜப்பான்காரன் கோத்தா பாருவில் இறங்கியதிலிருந்து 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது வரை டாங்கி, விமானம், துப்பாக்கி, சீருடை எல்லாம் படத்தோடு. ஆங்கிலப் புத்தகம். பதிப்பகத்தின் பெயரைச் சொல்லி அவர்கள் பிழைப்பில் மண் போட எனக்கு மனமில்லை.

வாங்க வைத்தது நடுவில் இருக்கும் இரட்டைப் பக்க வண்ண ஓவியம். சிலிம் ரிவர் சண்டை, 1942 ஜனவரி 7, டாங்கிகளின் முதல் தாக்குதல் என்று கீழே போட்டிருக்கிறது. எங்கள் ஊர்! கடையில் நின்றபடி அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டில் விளக்கடியில் வைத்துப் பார்த்தபோதுதான் குட்டு வெளிப்பட்டது.

முதல் கோளாறு வெளிச்சம். அந்தத் தாக்குதல் தொடங்கியது அதிகாலை மூன்றரை மணி வாக்கில், தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் ஆள் கணக்கெடுப்புக்கு, மணி அடிக்கும் முன்னால். ஓவியத்திலோ உச்சி வெயில். இரண்டாவது மரம். சாலையின் இரு பக்கமும் கொடி சுற்றிய பெருங்காட்டை மட்டும் வரைந்து வைத்திருக்கிறார். அங்கே காட்டோடு கித்தாத் தோட்டமும், அதாவது ரப்பர் தோட்டமும், உண்டு. நூல் பிடித்தாற்போல் நிரை நிரையாக நிற்கும் மரம், பட்டையில் சாய்ந்த வெட்டு, அதன் கீழே பால் பிடிக்கும் மங்கு. ஒரு மரத்தில்கூட வெட்டு இல்லை. என் பாட்டி பால் வெட்டியவர். இருந்திருந்தால் இந்த ஓவியத்தைப் பார்த்துச் சிரித்திருப்பார்.

மூன்றாவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. ஜப்பானியர் இங்கே கொண்டுவந்த டாங்கிகளில் முக்கியமானவை இரண்டு வகை: 95 வகை ஹா-கோ, 97 வகை சி-ஹா. ஹா-கோவுக்குப் பக்கத்துக்கு நான்கு சக்கரம், 37 மில்லிமீட்டர் பீரங்கி, மூன்று ஆள். சி-ஹாவுக்கு ஆறு சக்கரம், 57 மில்லிமீட்டர், நான்கு ஆள். ஓவியர் சி-ஹாவின் நீள உடம்பை வரைந்து ஐந்து சக்கரம் மாட்டியிருக்கிறார். இரண்டிலும் சேராத சாதி. போதாக்குறைக்கு, செயினை இழுக்கும் பல்சக்கரத்தைப் பின்னால் வைத்துவிட்டார். தோட்டத்து புல்டோசரில் பல்சக்கரம் பின்னால்தான். இந்த டாங்கிகளில் எஞ்சின் பின்னால், கியர்பெட்டி முன்னால். ஷாஃப்ட் வண்டிக்குள்ளேயே முன்னே ஓடி, முன்னால் இருக்கும் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஏதோ புல்டோசர் படத்தை வைத்து வரைந்திருப்பாரோ என்று எனக்குச் சந்தேகம்.

சரி, வரைபடமாவது உருப்படியா என்றால் அதிலும் சோதனை. இந்தச் சண்டையின் முடிச்சே அந்தச் சாலையில் இருக்கிறது. பெருஞ்சாலையை முன்பு நேராக்கியபோது கைவிட்ட பழைய வளைவுகள் மரங்களுக்குள் அப்படியே கிடந்தன. முன்னால் போன டாங்கி தடுப்பில் மாட்டி நின்றதும், பின்னால் வந்தவை அந்த வளைவுக்குள் புகுந்து பிரிட்டிஷ் பக்கத்துப் பஞ்சாப் படையைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டன. காலையிலேயே சிலிம் ஆற்றுப் பாலம் ஜப்பானியர் கையில். புத்தகத்தில் துரோலாக் ஊரும் அதற்கு வடக்கே இருக்கும் வளைவுகளும் சரியாகத் தையல் மடிப்புக்குள் விழுந்துவிட்டன. முதுகு உடையும் அளவுக்கு விரித்தும் தெரியவில்லை. அந்த வரைபடத்தைக் கால் அங்குலம் தள்ளி அச்சடித்திருக்கக் கூடாதா?

புகைப்படங்கள் சொரசொரத் தாளில் சாம்பல் கரைசலாக இருக்கின்றன. சைக்கிளில் வரும் சிப்பாய்க்கு முகமே இல்லை. ஒரு விமானப் படத்தின் கீழே ஜீரோ, அதாவது ஜப்பானியக் கடற்படையின் சண்டை விமானம், என்று போட்டிருக்கிறது. பார்த்தால் ஹயபுசா, அதாவது தரைப்படையின் கி-43. இறக்கையில் பீரங்கிக் குழல் இல்லை, துப்பாக்கி இரண்டும் மூக்கில். அன்று வானத்தில் பார்த்த பிரிட்டிஷ் விமானிகளே குழம்பினார்கள், அவர்களை மன்னிக்கலாம். மேசையில் உட்கார்ந்து தலைப்பு எழுதியவரை எப்படி மன்னிப்பது?

ஆனால் கடைசி 16 பக்கம் தங்கம். வெறும் கறுப்புக் கோட்டோவியம். ஒவ்வொரு டாங்கியும் பக்கம், முன், மேல் என்று மூன்று பார்வையில், 35-இல் ஒரு பங்கு அளவில். ஹா-கோவின் கிடைமட்ட ஸ்பிரிங், ஆணித் தலைகள், கோபுரத்தின் பின்பக்கத்து எந்திரத் துப்பாக்கி வரை ஒன்றும் விடவில்லை. நான் ஒட்டிய தமியா கம்பெனி சி-ஹா மாடலை அந்தப் பக்கத்தின் மேல் வைத்துப் பார்த்தேன், சக்கரத்தின் மேல் சக்கரம் உட்கார்ந்தது. நிறம் இல்லை, புகை இல்லை, வெயில் இல்லை. அந்தக் கை யாருடையதோ, இரும்பைத் தொட்டுப் பார்த்து வரைந்த கை.

அப்புறம், ஒரு படத்திலும் தோட்டத்து ஆள் இல்லை. சண்டை நடந்தது எங்கள் நிரைகளுக்குள்ளும்தான். தொழிலாளர் குடியிருக்கும் லயம் ஒன்று, வாளி தூக்கிய பெண் ஒருத்தி, மூலையிலாவது? ஜப்பானியர் ஆட்களை வதைத்துப் போட்ட சயாம் மரண ரயில் பாதையைப் பற்றிய பக்கத்திலும் வெள்ளைக் கைதிகள் மட்டும்தான். தோட்டங்களிலிருந்து போன பல்லாயிரம் தமிழருக்கு ஒரு சின்னப் படம்கூட இல்லை.

புதிதாக இதற்கு 150 வெள்ளி கேட்டால் கொடுக்காதீர்கள். பழைய கடையில் 60-க்குக் கிடைத்தால், கடைசி 16 பக்கமும் கிழியாமல் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்து வாங்கலாம். என் பிரதியில் காணாமல் போன வளைவுகளைப் பென்சிலால் நானே போட்டு வைத்திருக்கிறேன்.