தினமும் ஓசூர், அவ்வப்போது இருங்காட்டுக்கோட்டை: ஆக்டேவியா ஆர்எஸ்ஸில் பில்ஸ்டைன் பி6

வீட்டில் ஒரே கார். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் வேலைக்குப் போய்வருவதும் அதில்தான், சமயம் கிடைக்கும்போது சென்னைக்குப் பக்கத்திலுள்ள இருங்காட்டுக்கோட்டை பந்தய டிராக்குக்குப் போவதும் அதில்தான். இப்படி இருப்பவர் என்ன சஸ்பென்ஷன் போடலாம் என்று கேட்டால் என் பதில் கொஞ்சம் சப்பென்று இருக்கும்: காரைத் தாழ்த்தாதீர்கள். கம்பெனி ஸ்பிரிங் அப்படியே இருக்கட்டும். நல்ல ஷாக் (ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பர்) மட்டும் போடுங்கள், நான் போட்டது பில்ஸ்டைன் பி6. மிச்சக் காசு கேம்பருக்கும் (முன்னாலிருந்து பார்த்தால் தெரியும் சக்கரத்தின் சாய்வு) டயருக்கும் போகட்டும்.

கார் 2017-இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ்230. முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்டிரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் சேர்ந்த ஒரே தூண்), பின்னால் மல்டிலிங்க் (ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியாகப் பல கைகள் பிடிக்கும் அமைப்பு). ஃபோக்ஸ்வாகன் கோல்ஃபும் ஆடி ஏ3-யும் இதே எம்கியூபி அடித்தளம் என்பதால் சஸ்பென்ஷன் கிட்டுக்குப் பஞ்சமே இல்லை. பில்ஸ்டைன், கேடபிள்யூ, ஓலின்ஸ், ஹெச்&ஆர், ஐபாக் என்று எல்லோரிடமும் இருக்கிறது. குழப்பமும் அங்கேதான் தொடங்குகிறது.

முதலில் பார்த்தது எல்லோரையும் போலக் காயில்ஓவர்தான், அதாவது மரையில் வளையத்தைத் திருகி உயரத்தை மாற்றும் ஸ்பிரிங்-ஷாக் ஜோடி. தர்மபுரி நண்பர் ஒருவர் இதே காரில் காயில்ஓவர் போட்டிருக்கிறார், அதை ஊருக்குள்ளும் தொப்பூர் கணவாயிலும் ஓட்டிப் பார்த்தேன். ஸ்டியரிங் திருப்பிய கையோடு கார் திரும்புகிறது, அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் இந்த ஜெர்மன் கிட்களில் பெரும்பாலானவை 25, 30 மி.மீ. தாழ்த்தினால்தான் அவர்கள் சொல்லும் அளவுக்குள் வரும். கம்பெனி உயரத்திலேயே வைத்துக்கொள்ள இடமே தருவதில்லை. ஆர்எஸ் ஏற்கெனவே சாதாரண ஆக்டேவியாவை விடத் தாழ்வு. இந்திய சாலைக் காங்கிரஸ் விதிப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும். சர்வீஸ் ரோடிலும் கிராமத்து முகப்பிலும் நாம் பார்ப்பது அதே உயரத்தில், ஒரு முழ அகலத்தில் ஊர்க்காரர்களே கொட்டிவைத்த மேடு. நண்பர் அதைக் குறுக்காகத்தான் ஏற்றி இறக்குகிறார். பின்னால் வரும் டவுன் பஸ்காரர் ஹாரனை விட்டுக் கையை எடுப்பதில்லை.

அடி தட்டுவதைக் கூடப் பொறுத்துக்கொள்ளலாம். மெக்ஃபெர்சன் ஸ்டிரட்டைத் தாழ்த்தும்போது கண்ணுக்குத் தெரியாமல் வேறொன்று நடக்கிறது. சக்கரத்தை அடியில் பிடிக்கும் கீழ்க்கை படுத்து, பிறகு மேல்நோக்கிச் சாயத் தொடங்குகிறது. அதோடு ரோல் சென்டர் (வளைவில் கார் எதைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி), காரின் ஈர்ப்பு மையம் இறங்குவதை விட வேகமாகக் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள தூரம்தான் வளைவில் காரைச் சாய்க்கும் நெம்புகோல். அது நீண்டுவிடுவதால், தாழ்த்திய கார் அதே ஸ்பிரிங்கில் முன்பை விட அதிகம் சாய முயலும். அதை அடக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டும், கடினமான ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷாக் வேண்டும், பிறகு தினசரி ஓட்டத்தில் முதுகு கேள்வி கேட்கும். டிராக்குக்கு மட்டும் தனி கார் வைத்திருப்பவர் இந்த வழியில் தாராளமாகப் போகலாம்.

பி6 கம்பெனி நீளத்தில் வரும் மோனோடியூப் ஷாக். தாழ்த்தும் ஸ்பிரிங் போடுபவர்களுக்குக் குட்டையான பி8 தனியாக இருக்கிறது, கடையில் இரண்டையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள், பெட்டியிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். வாங்கும்போது இன்னொன்று: எம்கியூபி கார்களில் முன் ஸ்டிரட்டின் விட்டம் இரண்டு அளவில் வருகிறது. பின்னால் மல்டிலிங்க் இருந்தால் பெரும்பாலும் 55 மி.மீ., டார்ஷன் பீம் (இரண்டு பின் சக்கரங்களையும் இணைக்கும் ஒரே குறுக்குச் சட்டம்) இருந்தால் 50. சாதாரண 1.4 ஆக்டேவியாவுக்கு வந்த ஷாக் ஆர்எஸ்ஸின் பிடிக்குள் லொடலொடவென்று நிற்கும். வெர்னியர் வைத்து அளந்துவிட்டு ஆர்டர் போடுவது நல்லது.

மோனோடியூப்பில் எண்ணெயும் அழுத்த வாயுவும் ஒரே குழாயில், நடுவில் மிதக்கும் பிஸ்டனால் பிரிக்கப்பட்டு இருக்கும். எண்ணெயில் நுரை கட்டாது, சூடு வெளிச்சுவர் வழியாக நேராகக் காற்றுக்குப் போய்விடும். இதைக் கேட்டு டிராக்கில் ஏதோ மாயம் நடக்கும் என்று நினைக்க வேண்டாம். இருபது நிமிட ஓட்டத்தில் ஷாக் சூடாகித் தளர்வதற்கு முன்பே பிரேக் ஆயிலும் டயரும் கையை விரித்துவிடும். என்னைக் கேட்டால் டிராக்குக்குப் போகும் முதல் செலவு பிரேக் பேடும் புது டாட் 4 பிரேக் ஆயிலும்தான், சஸ்பென்ஷன் அதற்குப் பிறகு.

வித்தியாசம் நன்றாகத் தெரிவது வால்விங்கில், அதாவது ஷாக்குக்குள் எண்ணெய் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு அமைப்பில். பாடி சாய்வது, பிரேக்கில் மூக்கு குத்துவது எல்லாம் ஷாக்கின் தண்டு மெதுவாக நகரும் அசைவுகள். பள்ளத்தின் ஓரத்தில் டயர் மோதுவது வேக அசைவு. பி6 முதல் வகையை இறுக்கிப் பிடித்து, இரண்டாவதில் விட்டுக்கொடுக்கிறது. சூளகிரிப் பக்கம் மேம்பாலத்தின் இணைப்புகளை நூறில் தாண்டும்போது முன்பெல்லாம் கார் ஒருமுறை எழும்பி, இறங்கி, மறுபடியும் லேசாக எழும்பும். இப்போது ஒரே 'தொப்', அதோடு முடிந்தது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு ஏறத்தாழ 400 மீட்டர் ஏற்றம். திரும்பும்போது இறக்கத்தில், கிரானைட் ஏற்றிய லாரிகளுக்கு நடுவே லேன் மாற்றும் போதுதான் இதன் அருமை புரியும்.

மெதுவாகப் போகும்போது மட்டும் குறை இருக்கிறது. ஊருக்குள் இருபது முப்பதில் சின்னச் சின்ன மேடு பள்ளங்கள் எல்லாம் உள்ளே வரும், அம்மா முன் சீட்டில் உட்கார்ந்தால் "இது என்னடா கட்டை வண்டி" என்பார். 18 அங்குலச் சக்கரத்தில் 225/40 டயரின் பக்கச்சுவர் 90 மி.மீ., 17 அங்குலத்தில் 225/45 போட்டால் 101. அந்த ஒரு செ.மீ. ரப்பருக்காகவே நான் 17-இல் இருக்கிறேன்.

டிராக்கில் லேப் நேரத்தைக் குறைத்தது ஷாக்கை விட கேம்பர் என்றுதான் சொல்வேன். இருங்காட்டுக்கோட்டை டிராக் சுமார் 3.7 கி.மீ., வேகமான வளைவுகள் உண்டு. கம்பெனி அலைன்மென்டில் ஓடிவிட்டு பிட்டில் (டிராக் ஓரத்தில் கார்கள் நிற்கும் இடம்) நிறுத்தி முன் டயரைத் தடவிப் பாருங்கள். வெளித்தோளில் ரப்பர் சுருண்டு, அழிப்பான் துகள் மாதிரி உருண்டு ஒட்டியிருக்கும், உள்பக்கம் புதுசாக இருக்கும். வளைவில் கார் சாயும்போது டயர் வெளி ஓரத்திலேயே நிற்கிறது என்று அர்த்தம். முன் கேம்பர் மவுண்ட் (ஸ்டிரட்டின் தலையை நகர்த்திக் கேம்பரை மாற்றும் தாங்கி) போட்டு, இரண்டு பக்கமும் நெகட்டிவ் 2 டிகிரி (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்து) வைத்ததும், திருப்பிய அளவுக்குத் திரும்பாமல் கார் வெளியே ஓடும் அண்டர்ஸ்டியர் பாதியாகக் குறைந்தது. டோவை (மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் கோணம்) சுழியத்தில் வைத்தேன். நெடுஞ்சாலையில் உள்பக்கம் தேய்வதற்குப் பலரும் கேம்பரைத் திட்டுவார்கள், அதைத் தின்பது பெரும்பாலும் டோதான். மவுண்டில் இரும்பு உருண்டை பேரிங் வேண்டாம் என்று ரப்பர் புஷ் உள்ளதாக எடுத்தேன். கிரானைட் தூசி பறக்கும் ஊரில் திறந்த பேரிங் சீக்கிரமே டக் டக் என்று பேச ஆரம்பித்துவிடும். காயில்ஓவரின் மரைகளுக்கும் இதே கதிதான். நண்பர் உயரத்தை மாற்ற நினைத்தபோது தூசியும் கிரீஸும் இறுகி, வளையம் ஸ்பேனருக்கு அசையவே இல்லை.

பி6-இன் முன் ஸ்டிரட் தலைகீழாக இருக்கும், அதாவது தடித்த உள்குழாய் வெளிக்குழாய்க்குள் வழுக்கும். பக்கவாட்டு விசைக்கு வளையாது. ஆனால் உள்ளே கிரீஸ் காய்ந்தால் மெதுவான வேகத்தில் 'கொடக்' என்று தட்டும். எனக்கு இரண்டாவது கோடையில் வந்தது. கழற்றித் துடைத்து கிரீஸ் வைத்ததும் சத்தம் நின்றுவிட்டது, ஷாக் கெட்டுவிட்டது என்று யாராவது சொன்னால் உடனே புதுசு வாங்கிவிடாதீர்கள். பின்பக்க புஷ் சீக்கிரம் கிழிந்தது வேறு கதை. பொருத்திய ஒர்க்‌ஷாப்பில் லிஃப்டில் சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முறுக்கிவிட்டார்கள். காரைத் தரையில் நிற்கும் நிலைக்குக் கொண்டுவந்துதான் இறுதி முறுக்கு போட வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிக்கொண்டே நிற்கும்.

சட்ட விஷயமும் இருக்கிறது. கம்பெனி விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு அனுமதிக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் 2019-இல் சொல்லியிருக்கிறது. தரையோடு இழையும் கார் எந்தச் சோதனைச் சாவடியிலும் கண்ணில் படும். கம்பெனி உயரத்தில் இருக்கும் கார் அப்படியில்லை, இருந்தாலும் கேள்வி வந்தால் பதில் நம்முடையதுதான். டிராக்கில் இடித்தால் இன்சூரன்ஸ் வராது, பந்தயமும் வேகச் சோதனையும் பாலிசியிலேயே விலக்கு.

டிராக்குக்கு வாணியம்பாடி, வேலூர் வழியாகக் காரை ஓட்டியே போகிறேன். போகும்போது ஆம்பூரில் நிற்க நேரமிருக்காது, வரும்போது வயிறு விடாது. வாலாஜாவுக்கு அப்புறம் அகலப்படுத்தும் வேலை வருடக் கணக்கில் நடக்கும் ரோட்டில், தாழ்த்தாத காரின் சௌகரியம் டிராக்கில் இழந்த நொடிகளை ஈடுகட்டிவிடுகிறது.

பாடி ரோல் இன்னும் இருக்கிறது, மறைக்க ஒன்றுமில்லை. அடுத்தது பின்பக்க ஆன்டி ரோல் பார் (இரண்டு பக்கச் சக்கரங்களையும் இணைத்துச் சாய்வைக் குறைக்கும் கம்பி). தடித்த பார் போட்டால் முன்பக்கம் இன்னும் கடிக்கும், அதே நேரம் வளைவு நடுவில் ஆக்ஸிலரேட்டரை விட்டால் பின்பக்கம் வெளியே போகப் பார்க்கும். மழையில் தொப்பூர் இறக்கத்தில் எனக்கு அந்தக் கார் வேண்டாம். அதனால் இரண்டு துளை உள்ள பாராகத் தேடிக்கொண்டிருக்கிறேன். ரோட்டுக்கு மென்மையான துளை, டிராக்கில் பிட்டில் படுத்து மாற்றிக்கொள்ள மற்றது.