பெரிய இன நாய்க்குட்டி வாங்கியிருக்கிறவர்கள் கவனத்துக்கு: லூஸ் தீவனமும் கால்சியம் டானிக்கும்

கிரேட் டேன், ஜெர்மன் ஷெப்பர்டு, ராட்வைலர், லாப்ரடார் மாதிரி பெரிய இனக் குட்டி வாங்கியிருக்கிறவர்களும் வாங்கப் போகிறவர்களும் தயவுசெய்து இதை முழுசாகப் படியுங்கள். திருச்சியில் ஒரு பெட் ஷாப்பில் பொய் சொல்லி விற்ற தீவனமும் டானிக்கும் எங்கள் கிரேட் டேன் குட்டியின் முன்னங்கால்களைக் கோணலாக்கிவிட்டன. கடையின் பெயரை எழுதவில்லை. இந்த வியாபாரம் அந்த ஒரு கடையோடு நிற்கிற விஷயமில்லை.

பெரிய இனக் குட்டிகளுக்கான தீவனம் வேண்டும் என்று தெளிவாகத்தான் கேட்டோம். கடைக்காரர் ஒரு பிரபலமான கம்பெனியின் பெயரைச் சொல்லி, "முழு மூட்டை எதுக்கு சார், அதே மூட்டையைப் பிரிச்சு லூஸ்ல தரேன், கிலோவுக்கு நூறு ரூபா கம்மியா வரும்" என்றார். வெள்ளை பிளாஸ்டிக் கவரில் கட்டிக் கொடுத்தார்கள், மேலே ஒரு எழுத்துகூட இல்லை. கூடவே ஒரு கால்சியம் டானிக், எலும்பு வளர்ச்சிக்கு என்று ஒரு பவுடர். "இந்தப் பிரீடுக்கு கால்சியம் குடுக்கலைன்னா கால் வளைஞ்சிடும் சார்" என்று அவர் சொன்னபோது சந்தேகப்பட ஒரு காரணமும் இல்லை, ஏனென்றால் நாய் வளர்க்கிற வீடுகளில் பாதிப் பேர் இதையேதான் சொல்கிறார்கள்.

குட்டி மளமளவென்று எடை ஏறியது. பார்த்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். அப்புறம் முன்னங்கால் பாதங்கள் வெளிப்பக்கம் திரும்ப ஆரம்பித்தன, விரல்கள் விரிந்தன, படுத்து எழும்போதெல்லாம் முனகல். டாக்டரம்மா தொட்டுப் பார்த்துவிட்டு எக்ஸ்ரேவுக்குச் சொன்னார், உடனே கேட்ட அடுத்த கேள்வி, "என்ன சாப்பாடு கொடுக்கிறீங்க, மூட்டையில என்ன போட்டிருக்கு?" மூட்டை இருந்தால்தானே காட்ட முடியும்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். வளர்ந்த நாய்க்குக் கால்சியம் கொஞ்சம் கூடிப் போனால் குடல் அதற்கேற்ப உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்ளும். சின்னக் குட்டிக்கு, முக்கியமாக ஆறு மாதம் வரைக்கும், அந்தக் கட்டுப்பாடு சரியாக இருக்காது. உள்ளே போகிற கால்சியத்தில் பெரும்பங்கு உடம்பில் ஏறிவிடும். குருத்தெலும்பு எலும்பாக மாறுகிற வேலை அதனால் குழம்பி மூட்டுக் கோளாறும் கால் கோணலும் வருகின்றன. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980-களிலேயே இதை ஆராய்ந்திருக்கிறார்கள், அதுவும் கிரேட் டேன் குட்டிகளை வைத்தே. அதாவது கால் வளையக்கூடாது என்று சொல்லி விற்கிற டானிக்கே அளவு மீறினால் காலை வளைக்கும். பெரும்பாலான டானிக்குகளில் வைட்டமின் டி3-யும் சேர்ந்தே இருக்கிறது, அது கால்சியத்தை இன்னும் உள்ளே இழுக்கும்.

மூட்டையின் போட்டோ கேட்டுக் கடைக்குப் போனோம். நாளைக்கு, நாளைக்கு என்று இழுத்தார்கள். கடைசியில் கடைப் பையன் அள்ளிக்கொண்டிருந்த மூட்டையை நேரிலேயே பார்த்துவிட்டோம். அது வேறு கம்பெனி, வளர்ந்த நாய்களுக்கான தீவனம், வாய் திறந்தபடி கிடந்தது, தேதி அச்சாகியிருந்த இடம் கிழிந்திருந்தது. கேட்டதற்கு "எல்லாம் ஒண்ணுதான் சார், பேருதான் வேற" என்கிறார். ஒரு உயிர் நடக்க முடியாமல் தவிக்கிறபோது இப்படிப் பேசுகிறவரை என்ன சொல்ல? பில்லில் "டாக் ஃபுட்" என்று மட்டும் இருந்தது. டானிக் காசைத் திருப்பித் தந்தார், தீவனத்துக்குத் தரவில்லை.

லூஸ் தீவனம் கம்பெனி சரியாக இருந்தால்கூட வேண்டாம். திறந்து கிடக்கிற மூட்டையில் கொழுப்பு காற்றுப்பட்டுச் சிக்குவாடை அடிக்கும், மழைக்காலத்தில் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும், அந்தப் பூஞ்சையின் நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

மூட்டையாக வாங்கும்போதும் முன்பக்கத்து நாய்ப் படத்தைப் பார்த்து எடுக்காதீர்கள், பின்பக்கத்தைப் படியுங்கள். வளர்ந்தபின் ஏறக்குறைய 32 கிலோவைத் தாண்டுகிற நாய்களின் வளர்ச்சிக்கும் ஏற்றது என்று எழுதியிருக்க வேண்டும். விலங்குத் தீவனத்துக்கு அளவுகோல் வகுக்கிற அமெரிக்காவின் ஆஃப்கோ (AAFCO) அமைப்பு இந்தக் குட்டிகளுக்கு, ஈரப்பதத்தைக் கழித்த கணக்கில், கால்சியம் 1.2 முதல் 1.8 சதவீதம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மற்ற நாய்களுக்கு 2.5 வரை போகலாம். ஈரம் 10 சதவீதம் உள்ள தீவனத்தில் கால்சியம் 1.5 என்று போட்டிருந்தால் அதை 0.9-ஆல் வகுங்கள், 1.67 வரும், அது சரி. ஆனால் நிறைய மூட்டைகளில் 'குறைந்தபட்சம்' மட்டும்தான் அச்சிடுகிறார்கள், அதை வைத்து ஒன்றும் தெரியாது. வாடிக்கையாளர் எண்ணுக்கு அழைத்து உண்மையான அளவைக் கேளுங்கள், சொல்லத் தயங்குகிற கம்பெனியை விட்டுவிடுங்கள்.

வீட்டுச் சாப்பாடு போடுகிறவர்களுக்குக் கதை வேறு. கறியும் சோறும் மட்டும் என்றால் கால்சியம் மிகக் குறைவு, பாஸ்பரஸ் அதிகம், அதிலும் எலும்பு பலவீனமாகும். அங்கே கால்சியம் தேவைதான், ஆனால் டாக்டர் கணக்குப் போட்டுச் சொல்கிற அளவில். சரியான குட்டித் தீவனம் தின்கிற குட்டிக்கு டானிக் தேவையே இல்லை.

இன்னொன்று, பெரிய இனக் குட்டி கொழுகொழுவென்று இருக்கக்கூடாது. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். லாப்ரடார்களை ஆயுள் முழுக்கக் கவனித்து 2002-ல் வெளியான ஆய்வில், கால்பங்கு குறைவாகச் சாப்பிட்ட நாய்கள் ஏறக்குறைய இரண்டு வருடம் கூடுதலாக வாழ்ந்தன, மூட்டு நோயும் அவற்றுக்குத் தாமதமாகவே வந்தது.

எங்கள் குட்டிக்கு டானிக்கை நிறுத்தி, தீவனத்தை மாற்றி, டைல்ஸ் தரையில் வழுக்காமல் இருக்க ரப்பர் மேட் போட்டிருக்கிறோம். இடது கால் நன்றாகத் தேறிவிட்டது, வலது கால் இன்னும் கொஞ்சம் திரும்பியே இருக்கிறது.

உங்களுக்கும் இப்படிப் பெயரில்லாத கவர் தந்திருந்தால் கவரையும் கொஞ்சம் தீவனத்தையும் பில்லையும் பத்திரமாக வையுங்கள். சட்டப்படி பொட்டலம் போட்டு விற்கிற பொருளில் தயாரித்தவர் அல்லது பொட்டலம் போட்டவர் பெயர், முகவரி, எடை, விலை, தேதி எல்லாம் இருக்க வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, நாங்கள் அங்கே புகார் பதிவு செய்திருக்கிறோம்.