தாலி கட்டும் இடத்தில் ஒரு வெட்டு

அக்காவின் கல்யாண வீடியோ கேசட், 1992, குடியாத்தம். பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இத்தனை வருஷம் கிடந்தது. அதைப் போட்டுப் பார்க்கும் எங்கள் வி.சி.ஆர். எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. புதிதாக வாங்கவும் வழியில்லை. கடைசிவரை வி.சி.ஆர். செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. அதனால் பழைய கேசட்டையும் போட்டோவையும் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தரும் ஒரு மாடி ஸ்டுடியோவைத் தேடி வேலூருக்குப் போனேன். குறையும் சொல்லப்போகிறேன் என்பதால் பெயர் வேண்டாம். கேசட்டுக்கு 450 ரூபாய், போட்டோவுக்கு 8 ரூபாய்.

கேசட்டின் மூடியைத் தூக்கிப் பார்த்ததுமே அங்கிருந்த தம்பி, "பூஞ்சை பூத்திருக்குண்ணா, இப்படியே போட்டா உங்க கேசட்டும் போகும், என் மிஷினும் போகும்" என்றார். நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளை. பொறுமையாகச் சுற்றித் துடைத்த பிறகுதான் ஓட்டினார். மூன்று மணி நேரக் கேசட்டை ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும், முடுக்க முடியாது. பத்து நாள் இழுத்தார்கள், சரி. படம் சுத்தம். ஆட்கள் நடக்கும்போது சீப்புப் பல் மாதிரி கோடு விழவில்லை.

வீட்டில் டிவியில் போட்டோம். மாமா தாலியைக் கையில் எடுக்கிறார், கெட்டிமேளம், படம் நின்றுவிட்டது! பென்டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் இருந்ததாம். அதில் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக ஏறாது. அதற்காக வெட்டியவர்கள் எங்கே வெட்டுகிறோம் என்று பார்க்க வேண்டாமா? இரண்டாவது ஃபைல் அட்சதையில் தொடங்குகிறது. திரும்பப் போனதும் காசு வாங்காமல் முழுசாக ஏற்றித் தந்தார்கள்.

ஆயா பேசுகிற இடத்தில் சினிமா பாட்டுதான் ஓடுகிறது. வாய் மட்டும் அசைகிறது. அதற்கு ஸ்டுடியோ என்ன செய்யும், அந்தக் காலத்து வீடியோக்காரர் பாட்டைப் போட்டு மூடிவிட்டார்.

போட்டோ வேலைதான் சுமார். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி, கேட்டேன், 200-இல் ஸ்கேன் செய்து வாட்ஸ்அப்பில் தள்ளிவிட்டார்கள். அது இன்னும் சுருக்கிவிடும். போதாததற்கு நான் குடும்பக் குழுவில் போட, ஆளாளுக்குத் திருப்பி அனுப்ப, என் போனில் அதே மாமா ஏழு தடவை. ஒரு ஞாயிறு முழுக்க அழித்து, மிச்சத்துக்கு வருஷமும் ஊரும் வைத்துப் பெயர் மாற்றினேன்.

அப்பாவின் ஆடியோ கேசட் இரண்டு இருக்கிறது. அடுத்த மாதம் அதே தம்பியிடம்தான் கொடுக்கப்போகிறேன், கையோடு ஹார்டு டிஸ்க்கும் கொண்டுபோய்.