கருப்புப் பட்டியலா, பொறி சர்வரா?

மின்னஞ்சலில் அனுப்புநர் பெயரை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். அஞ்சல் சர்வர்கள் கடிதம் வாங்கும் வாசலான 25ஆம் போர்ட்டில் வந்து கதவைத் தட்டுகிற ஐபி முகவரியை மட்டும் அப்படிப் பொய்யாக்கிவிட முடியாது. பதில் அந்த முகவரிக்குத் திரும்பிப் போய்ச் சேர்ந்தால்தான் பேச்சே தொடங்கும். ஸ்பாமை, அதாவது கேட்காமல் வரும் குப்பை அஞ்சலை, தடுக்கும் பழைய வழிகள் இரண்டும் இந்த ஒரு பிடியில்தான் நிற்கின்றன. கருப்புப் பட்டியல், 'இந்த ஐபி கெட்டது என்று ஊரார் சொல்கிறார்கள்' என்கிறது. ஸ்பாமரைச் சிக்கவைக்க நாமே விரிக்கும் பொறியோ, 'இவன் என் வீட்டிலேயே கைவைத்ததைப் பார்த்தேன்' என்கிறது.

பட்டியல் வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமை. 192.0.2.45 என்ற முகவரியிலிருந்து இணைப்பு வந்தால், உங்கள் சர்வர் அதை 45.2.0.192 என்று திருப்பிப் போட்டு, பின்னால் பட்டியலின் பெயரை ஒட்டி, இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். 127.0.0.2 போல ஒரு பதில் வந்தால் ஆள் பட்டியலில் இருக்கிறார். 'அப்படி ஒரு பெயரே இல்லை' என்றால் விட்டுவிடலாம். கடிதத்தின் உடலை வாங்குவதற்கு முன்பே, வாசலிலேயே முடிவு தெரிந்துவிடும். 1997இல் பால் விக்ஸி தொடங்கிய ஆர்பிஎல் என்ற பட்டியல்தான் இந்த வகைக்கு முன்னோடி. அடுத்த ஆண்டு வந்த ஸ்பாம்ஹாஸ் இன்றும் நிலைத்திருக்கிறது.

சிக்கல் என்னவென்றால், இங்கே தீர்ப்பு இரவல். இரவல் கொடுத்தவர் கடையைக் கட்டினால் என்ன ஆகும்? ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. ஆனாலும் பல சர்வர்கள் அதைக் கேட்பதை நிறுத்தவில்லை. 2008 மார்ச்சில் அது எந்த ஐபியைக் கேட்டாலும் 'பட்டியலில் இருக்கிறது' என்று பதில் சொல்லத் தொடங்கியது. அதை நம்பியிருந்த சர்வர்கள் எல்லா அஞ்சலையும் திருப்பி அனுப்பின. எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்திய கதைதான். இன்னொரு பிரபல பட்டியலான சோர்ப்ஸும் 2024 ஜூனில் மூடப்பட்டது; உங்கள் அமைப்புக் கோப்பில் அதன் பெயர் இன்னும் கிடக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இதே மாதிரி இன்னொரு குழி உண்டு. பொது டிஎன்எஸ் ரிசால்வர் (எல்லோரும் பயன்படுத்தும் பொதுவான டிஎன்எஸ் சர்வர்) வழியாகக் கேட்டால் ஸ்பாம்ஹாஸ் 127.255.255.254 என்று பதில் தரும். 'இப்படிக் கேட்காதே' என்பதே அதன் பொருள். எந்தப் பதில் வந்தாலும் 'கெட்டவன்' என்று எடுத்துக்கொள்ளும் சர்வர், நல்லவர்களையும் சேர்த்து விரட்டிவிடும்.

பொறிகளில் பல ரகம். யாருக்குமே கொடுக்காத ஒரு முகவரியை இணையப் பக்கத்தில் மனிதக் கண்ணுக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பது ஒன்று. அதற்கு அஞ்சல் வந்தால், யாரோ அந்தப் பக்கத்திலிருந்து முகவரியைப் பொறுக்கியிருக்கிறார்கள் என்று அர்த்தம். 2004இல் தொடங்கிய புராஜெக்ட் ஹனிபாட் இதில் ஒரு படி மேலே போனது: பக்கத்துக்கு வரும் ஒவ்வொருவருக்கும் வேறு வேறு முகவரியைக் காட்டியது. ஆகவே பின்னாளில் ஸ்பாம் வந்தால், அனுப்பியவர் மட்டுமல்ல, அந்த முகவரியை என்றைக்கு எந்த ஐபி பொறுக்கியது என்பதும் தெரிந்துவிடும். பட்டியல்கள் பெரும்பாலும் அனுப்பிய கையைத்தான் காட்டும். திருடிய கையையும் காட்டியது இந்தப் பொறி.

இன்னொரு ரகம் தார்ப்பிட், அதாவது சேற்றுக்குழி. ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தோடு வரும் ஸ்பாம்டி என்ற நிரல், கெட்டவன் என்று தெரிந்த இணைப்புக்கு நொடிக்கு ஒரு எழுத்தாகப் பதிலைச் சொட்டவிடும். பார்க்க ஆனந்தமாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கடத்தப்பட்ட ஆயிரக்கணக்கான கணினிகளை வைத்திருக்கும் பாட்நெட்டுக்கு ஓர் இணைப்பு சேற்றில் மாட்டுவது கொசுக்கடிகூட இல்லை. சில நொடி பார்த்துவிட்டுத் துண்டித்துக்கொண்டு போய்விடும். அதே ஸ்பாம்டியில் உள்ள கிரேடிராப்பிங் எவ்வளவோ உருப்படியானது. புதிதாக வருபவரைக் காத்திருக்க வைக்கும்போது அவர் பொறி முகவரிக்கு எழுத முயன்றால், அந்த ஐபி 24 மணி நேரத்துக்கு உங்கள் சொந்தக் கருப்புப் பட்டியலில் ஏறிவிடும். பிறகு தானே இறங்கிவிடும்.

பொறி தவறே செய்யாது என்று நினைத்துவிடக் கூடாது. ஸ்பாமர் உங்கள் பொறி முகவரியையே அனுப்புநராகப் போட்டு ஊரெல்லாம் அனுப்பினால், 'சேரவில்லை' என்ற அறிவிப்புகள் அப்பாவி சர்வர்களிலிருந்து பொறிக்குள் வந்து விழும். வெற்று அனுப்புநரோடு வருபவற்றை (இந்த அறிவிப்புகள் அப்படித்தான் வரும்) விலக்காவிட்டால் அவர்கள் எல்லோருமே மாட்டிக்கொள்வார்கள். யாரோ குறும்பாக அந்த முகவரியைச் செய்திமடல் படிவத்தில் பதிந்துவிட்டாலும் இதே கதிதான்.

நியாயமாகப் பார்த்தால் இவை எதிரிகளே அல்ல. பெரிய பட்டியல்கள் பலவற்றில் ஐபிகள் ஏறுவதில் பொறிகளுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே கேள்வி, கடையில் வாங்குவதா, வீட்டிலேயே சமைப்பதா என்பதுதான். ஒரு சிறு சர்வருக்கு என் தேர்வு: போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளின் வாயிற்காவலனான போஸ்ட்ஸ்கிரீனில் இரண்டு மூன்று பட்டியல்களுக்கு மதிப்பெண் கொடுத்து, கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் மட்டும் மறுப்பது. கூடவே நான்கைந்து பொறி முகவரிகள். தனியாக ஒரு பொறி சர்வரை நிறுத்திப் பராமரிப்பது, ஆராய்ச்சிக்கு ஆசைப்படுபவர்களுக்கு. களவுபோன கணக்கிலிருந்து ஜிமெயில் வழியாக வரும் ஸ்பாமுக்கு இரண்டுமே உதவாது. அந்த ஐபியை அடைத்தால் பாதி உலகத்தின் கடிதம் நின்றுவிடும். அங்கே உள்ளடக்க வடிகட்டிதான் கதி.

எந்தப் பட்டியலைச் சேர்த்தாலும் ஒரு சோதனையைத் தினமும் தானாக ஓடவிடுங்கள். இந்தப் பட்டியல்கள் எப்படி இருக்க வேண்டும் என்று சொல்லும் ஆர்எஃப்சி 5782 என்ற ஆவணத்தின்படி, ஐபிவி4 (நான்கு எண்கள் கொண்ட வழக்கமான ஐபி) பட்டியலில் 127.0.0.2 இருந்தே ஆக வேண்டும், 127.0.0.1 இருக்கவே கூடாது. முதலாவதற்கு 'இல்லை' என்று வந்தால் பட்டியல் செத்துவிட்டது. இரண்டாவதற்கு 'உண்டு' என்று வந்தால் அடுத்த அஞ்சல் வருவதற்குள் அதைக் கழற்றிவிடுங்கள்.