நுண்குழாய்ப் பக்கவாதம்: எந்தத் தட்டணு மாத்திரை?

மூளையின் ஆழத்தில் ஓடும் நுண்தமனிகளின் அகலம் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது. அவற்றில் ஒன்று அடைத்தால் ஸ்கேனில் தெரியும் புள்ளி பெரும்பாலும் 15 மில்லிமீட்டருக்குள்தான். ஆனால் கை காலுக்குக் கட்டளை போகும் நரம்புப் பாதையில் அந்தப் புள்ளி விழுந்தால் ஒரு பக்கமே செயலிழந்துவிடும். இது மறுபடி வராமல் தடுக்க எந்த மாத்திரை? பெரிய குழாய் அடைப்புக்குச் சொல்லும் பதிலை அப்படியே இங்கே சொல்லிவிட முடியாது. ரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் பாதிப் பிரச்சினைதான். மீதி, ஆண்டுக்கணக்கான ரத்த அழுத்தத்தில் தடித்து, கசிய ஆரம்பித்துவிட்ட குழாய்ச் சுவர்.

முதலில் ஆஸ்பிரின். தட்டணுக்கள் ஒன்றையொன்று கூட்டுச் சேர்க்க வெளியிடும் திராம்பாக்ஸேன் உருவாவதையே இது நிறுத்துகிறது. தட்டணுவுக்கு உட்கரு கிடையாது, முடங்கிய நொதியைப் புதிதாகச் செய்துகொள்ள வழியில்லை. அதனால் அது வாழும் 7 முதல் 10 நாளும் முடங்கியே இருக்கும். தினம் ஒரு சிறிய டோஸ் போதும் என்பது இதனால்தான். வயிற்றில் புண், ரத்தக்கசிவு வரலாம் என்பது இதன் பழைய குறை.

குளோபிடோக்ரெல் வேறு வாசலை அடைக்கிறது: தட்டணுவின் மேலுள்ள பி2ஒய்12 ஏற்பியை. வயிற்றுக்கு ஆஸ்பிரினைவிடக் கொஞ்சம் இதம். ஆனால் கல்லீரல் மாற்றிக்கொடுத்தால்தான் இது மருந்தாகும். அந்த வேலையைச் செய்யும் நொதி சிலருக்குப் பிறவியிலேயே மந்தம், ஆசிய மக்களிடம் இது அதிகம். வயிற்று அமிலத்தைக் குறைக்கக் கொடுக்கும் ஒமிப்ரசோலும் அதே நொதிக்குக் குறுக்கே நிற்கும். 1996இல் வெளியான, 19,185 பேரை வைத்து நடந்த கேப்ரி ஆய்வில், பக்கவாதம், மாரடைப்பு, ரத்தக்குழாய் நோய் மரணம் எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு ஆஸ்பிரினில் 5.83 சதவீதம், இதில் 5.32. அவ்வளவுதான் வித்தியாசம்.

அப்படியானால் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கலாமே? இங்கேதான் காலக் கணக்கு முக்கியம். சீனாவில் நடந்து 2013இல் வெளியான சான்ஸ் ஆய்வில், லேசான பக்கவாதம் வந்த 24 மணி நேரத்துக்குள் இரண்டையும் தொடங்கி 21 நாள் கொடுத்தார்கள், பிறகு குளோபிடோக்ரெல் மட்டும். 90 நாளில் மறுபடி பக்கவாதம் வந்தது ஆஸ்பிரின் மட்டும் எடுத்தவர்களில் 11.7 சதவீதம், இவர்களில் 8.2. சரி, வருடக்கணக்கில் தொடர்ந்தால்? நுண்குழாய் நோயாளிகளையே எடுத்துப் பார்த்த எஸ்பிஎஸ்3 ஆய்வு 2012இல் அதற்குப் பதில் சொன்னது: மறுபடி பக்கவாதம் வருவது குறிப்பிடும்படி குறையவில்லை, பெரிய ரத்தக்கசிவு ஏறக்குறைய இரட்டிப்பானது, மரணமும் கூடியது. என் பார்வையில் இந்த ஒரு முடிவே விவாதத்தைத் தீர்த்துவிடுகிறது. அதே ஆய்வில் ரத்த அழுத்தத்தின் மேல் எண்ணை 130க்குக் கீழே வைத்தவர்களுக்கு மூளைக்குள் ரத்தக்கசிவு பாதிக்கும் மேல் குறைந்தது. எந்த மாத்திரை என்று மணிக்கணக்கில் பேசுகிறவர்கள் இதையும் பேச வேண்டும்.

மூன்றாவதாகச் சிலோஸ்டசால் என்ற மாத்திரை. இது தட்டணுவை அடக்குவதோடு குழாயையும் தளர்த்துகிறது, சுவரே பழுதான இந்த நோய்க்கு அது பொருத்தமாகப் படுகிறது. 2010இல் வெளியான ஜப்பானிய ஆய்வில் ஆண்டுக்குப் பக்கவாதம் ஆஸ்பிரினில் 3.71 சதவீதம், இதில் 2.76. ரத்தக்கசிவும் குறைவு. ஆனால் தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு தாங்காமல் பாதியில் விடுகிறவர்கள் உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவருக்குக் கொடுக்கவே கூடாது.

அடைப்பு லேசானதாக இருந்தால் முதல் மூன்று வாரம் இரண்டு மாத்திரை, அப்புறம் ஒன்று: நான் சாய்வது இந்தப் பக்கம். வீட்டுக்கு அனுப்பும்போது சீட்டில் இரண்டு மாத்திரை இருந்தால், இரண்டாவதை எந்தத் தேதியில் நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு அந்தச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.